முப்பதுக்கு எத்தனை? மறதி நோய்ச் சோதனைத் தாள்களில் யாருக்கு எது பொருந்தும்

மறதி நோய் எனப்படும் டிமென்ஷியா இருக்கிறதா என்று பார்க்கும் முதல் சோதனைக்கு ஊசியும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். ஒரு தாள், ஒரு பென்சில், பத்து நிமிடம் போதும். குடும்பத்தார் கைக்கு வரும் ரிப்போர்ட்டில் "30-க்கு 21" என்று மட்டும் எழுதியிருக்கும். கவுன்சலிங் காலத்தில் கட்-ஆஃப் பார்த்தே பழகிய நமக்கு உடனே "கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அவர் எத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போனார்?

ஓய்வுபெற்ற பேராசிரியர் 21 வாங்கினால் அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்க வேண்டும். கைநாட்டு வைக்கும் 82 வயது அம்மா அதே 21 வாங்கினால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. வயது, படிப்பு, ஆணா பெண்ணா என்பது, இந்த மூன்றும் சேர்ந்து மதிப்பெண்ணை எப்படி இழுக்கின்றன என்பது தாளுக்குத் தாள் மாறும். புழக்கத்தில் இருக்கும் தாள்களைத் தமிழ் பேசும் முதியவர்களுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்ற ஒரே அளவுகோலில் இங்கே எடைபோடுகிறோம். நினைவில் வைத்துச் சொல்ல வேண்டிய சொற்களை மட்டும் எந்தத் தாளிலிருந்தும் எழுதவில்லை. வீட்டில் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போனால் சோதனையே வீணாகிவிடும்.

முதலில் எம்.எம்.எஸ்.இ. (மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்). 1975-ல் அமெரிக்காவில் வெளியானது. இன்றும் பல மருத்துவமனைகளில் "மெமரி டெஸ்ட்" என்றால் இதுதான். தேதி, கிழமை, ஊர் என்று காலமும் இடமும் கேட்கும் கேள்விகளுக்கு 10; மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்ல 3; நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க 5; அந்த மூன்று சொற்களை மறுபடி நினைவுகூர 3; பொருளின் பெயர் சொல்வது, வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது, காகிதத்தை மடித்து வைப்பது, எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்வது, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுவது எல்லாம் சேர்த்து 8; ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. மொத்தம் 30. 24-க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது வழக்கம்.

எழுதப் படிக்கத் தெரியாதவரை இதில் உட்கார வைத்துப் பாருங்கள். ஏழு ஏழாகக் கழிப்பதில் 5 போகலாம். படித்துச் செய்வதில் 1, வாக்கியம் எழுதுவதில் 1, ஐங்கோணத்தில் 1. ஆக 8. மற்ற எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொன்னாலும் 22 தான். மூளையில் ஒரு கோளாறும் இல்லாமலேயே அவர் கட்-ஆஃபுக்குக் கீழே போய்விட்டார். 1993-ல் அமெரிக்காவில் 18,056 பேரின் மதிப்பெண்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். நான்கு வருஷமோ அதற்கும் குறைவாகவோ படித்தவர்களின் நடு மதிப்பெண் (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் மதிப்பெண்) அதில் 22 என்றே வந்தது. ஐந்து முதல் எட்டு வருஷம் படித்தவர்களுக்கு 26, ஒன்பது வருஷமோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு 29. வயதும் இழுக்கிறது, ஆனால் அவ்வளவு வேகமாக இல்லை: 18 முதல் 24 வயதுவரை இருப்பவர்களின் நடு மதிப்பெண் 29, எண்பதைத் தாண்டியவர்களுக்கு 25. அறுபது வருஷ வயது வித்தியாசம் குறைத்தது 4. பள்ளிப் படிப்பு வித்தியாசம் குறைத்தது 7.

எதிர்ப்பக்கமும் பிசகுகிறது. பட்டப்படிப்பு முடித்த ஒருவர் நோயின் தொடக்கத்தில் இருக்கும்போதும் 26, 27 சாதாரணமாக வாங்கிவிடுவார். "24-க்கு மேலேதானே இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினால் இரண்டு மூன்று வருஷம் வீணாகும். பதினாறு வருஷமும் அதற்கு மேலும் படித்தவர்களுக்குக் கட்-ஆஃபை 27-க்கு உயர்த்தலாம் என்று 2008-ல் ஓர் ஆய்வு சொன்னது. படித்தவர் விஷயத்தில் 24 என்ற எண்ணை நம்பவே கூடாது என்பது எங்கள் கருத்து.

கழித்தலுக்கு மதிப்பெண் போடுவதில் ஒரு பொதுத் தவறும் உண்டு. 93, 86, 79, 72, 65 என்பது சரியான வரிசை. ஒருவர் 93, 85, 78, 71, 64 என்று சொன்னால் எத்தனை தவறு? ஒன்றே ஒன்று. 85-லிருந்து ஏழு போனால் 78, அதிலிருந்து ஏழு போனால் 71. வரிசை தப்பினாலும் கழித்தல் சரி. இதை நான்கு தவறு என்று எண்ணி 1 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓர் இடத்திலேயே 3 மதிப்பெண் காணாமல் போகிறது. "நூறு ரூபாய் வைத்திருக்கிறீர்கள், ஏழு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு?" என்று பணமாக்கிக் கேட்டால் கடைக்குப் போய்ப் பழகியவர்கள் பலர் பட்டென்று சொல்வார்கள். அது நல்ல கேள்விதான். ஆனால் அப்படிக் கேட்டதைத் தாளில் குறித்துவைக்க வேண்டும். கேள்வியை மாற்றிவிட்டுப் பழைய கட்-ஆஃபோடு ஒப்பிடுவது இரண்டு தராசில் நிறுப்பது போல.

இந்தத் தாளுக்குப் பதிப்புரிமை உண்டு. ஒவ்வொரு படிவத்துக்கும் பணம் கட்ட வேண்டும். ஜெராக்ஸ் எடுத்ததை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, ஐங்கோணத்தின் கோடு பாதி அழிந்த தாளில் சோதிப்பது பார்வை மங்கிய முதியவருக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது மோகா (மான்ட்ரியல் காக்னிட்டிவ் அசெஸ்மென்ட்). கனடாவின் மான்ட்ரியலில் உருவாகி 2005-ல் வெளியானது. இதுவும் 30-க்குத்தான், 26-ம் அதற்கு மேலும் இயல்பு என்பது கணக்கு. எம்.எம்.எஸ்.இ. கோட்டைவிடும் தொடக்க நிலையைப் பிடிக்கவே இதை உருவாக்கினார்கள். படித்தவர்களிடம் அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. வங்கி அதிகாரி, ஆசிரியர், பொறியாளர் என்று எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் மோகாவைத்தான் முதலில் எடுக்கச் சொல்வோம்.

பள்ளிக்குப் போகாதவருக்கு இதே தாள் பெரிய கண்ணி. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பது 1, கனசதுரம் வரைவது 1, கடிகாரம் வரைவது 3, குறிப்பிட்ட எழுத்து காதில் விழும்போதெல்லாம் மேசையைத் தட்டுவது 1, ஏழு ஏழாகக் கழிப்பது 3, ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் 11 சொல்வது 1, இரண்டு பொருள்களுக்குள் என்ன ஒற்றுமை என்று பொதுவகை சொல்வது 2. கூட்டினால் 12. இவை எல்லாம் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்கும் வித்தைகள். மீதி இருப்பது 18: விலங்குகளின் பெயர் 3, எண்வரிசை 2, வாக்கியம் 2, நினைவுகூர்தல் 5, காலமும் இடமும் 6. இந்தப் பதினெட்டையும் ஒன்று விடாமல் வாங்கினாலும் அவர் 26-ன் பக்கத்தில்கூட வரமுடியாது.

இதற்குத் தாளே தரும் பரிகாரம், பன்னிரண்டு வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 1 மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம் என்பது. பி.யு.சி. முடித்தவருக்கும் ஒன்று, மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கும் ஒன்று, பள்ளிக்கே போகாதவருக்கும் அதே ஒன்று. 18 என்பது 19 ஆகும், அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1978-க்கு முந்தைய எஸ்.எஸ்.எல்.சி. பதினோரு வருஷப் படிப்பு. அதை இன்றைய பத்தாம் வகுப்பு என்று பதிந்துவிடுகிறார்கள். மோகாவில் இரண்டுக்கும் அதே ஒரு மதிப்பெண் என்பதால் தாக்கம் இல்லை. படிப்பு வருஷ வாரியாகக் கட்-ஆஃப் வைத்திருக்கும் தாள்களில் அது ஆளை வேறு கட்டத்துக்குத் தள்ளிவிடும்.

26 என்ற எண் படித்தவர்களுக்குமே கடுமை. அமெரிக்காவின் டல்லாஸ் பகுதியில் 2,653 பேரைச் சோதித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் 26-க்குக் கீழே இருந்தார்கள். 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 23 பொருத்தமாக இருக்கும் என்றார்கள். 24, 25 வாங்கிய முதியவருக்கு உடனே "லேசான மறதி நோய்" என்று முத்திரை குத்தி மாத்திரை எழுதுவது தவறு.

தமிழில் சோதிக்கும்போது எழுத்துக் கேள்வி தனித் தலைவலி. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து என்றால் ஓர் எழுத்து. நம் எழுத்தில் "க" என்று சொன்னால் "கல்" சரி. "காக்காய்", "கிளி", "குடம்" கணக்கில் வருமா? பள்ளியில் உயிர்மெய் வரிசை படித்தவர் வராது என்று நினைத்துத் தன்னையே கட்டிப்போட்டுக்கொள்வார், எழுதத் தெரியாதவர் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்வார். இரண்டில் எதை ஏற்பது என்பதைச் சோதிப்பவர் முதலிலேயே முடிவுசெய்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். எழுத்தே தெரியாதவரிடம் இந்தக் கேள்விக்குப் பொருளில்லை; விலங்குகள், காய்கறிகள் என்று வகை சொல்லிக் கேட்கும் தாளுக்குப் போய்விடுவது நல்லது.

மோகாவில் பலர் பயன்படுத்தாமல் விடும் நல்ல பகுதி ஒன்று உண்டு. ஐந்து சொற்களை நினைவுகூர முடியாதபோது "அது உடம்பின் ஒரு பகுதி" என்பதுபோல வகையைக் குறிப்பாகத் தரலாம். அதற்கும் வரவில்லை என்றால் மூன்று சொற்களைச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். முப்பதில் இதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் தானாகச் சொன்னதற்கு 3, வகைக்குறிப்பில் சொன்னதற்கு 2, தேர்ந்தெடுத்ததற்கு 1 என்று தனியாக 15-க்கு ஒரு நினைவு மதிப்பெண் கிடைக்கும். வயதால் வரும் மறதியையும் நோயால் வரும் மறதியையும் பிரிக்க இது கைகொடுக்கும். வயதானவருக்குச் சொல் தொண்டைவரை வந்து நிற்கும், ஒரு நுனி காட்டினால் வெளியே வந்துவிடும். அல்சைமர் என்ற மறதி நோய் வகையில் சொல் உள்ளே பதியவே இல்லை. எத்தனை குறிப்பு கொடுத்தாலும் வருவதற்கு ஒன்றுமில்லை.

படிப்புக் குறைந்தவர்களுக்கென்றே மோகா-பேசிக் என்று தனித் தாள் வந்தது. 2015-ல் தாய்லாந்தில் சோதித்து வெளியிட்டார்கள். 13 ரூபாய்ப் பொருளுக்கு ஒன்று, ஐந்து, பத்து என்ற காசுகளை வைத்து மூன்று விதமாகப் பணம் கட்டச் சொல்வது போன்ற கேள்விகள் அதில் உண்டு. சந்தையில் காய் விற்றவருக்கு இது கைவந்த கணக்கு. மோகாவை விடமாட்டேன் என்பவர்கள் குறைந்தபட்சம் இதற்காவது மாறட்டும். வழக்கமான மோகாவைத் தமிழாக்கி, வட இலங்கையில் நீரிழிவு உள்ளவர்களிடம் சோதித்த ஆய்வு 2020-ல் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழ் பேசும் முதியவரிடம் அந்த வழக்கில் கேட்பதுதான் முறை.

பள்ளிக்குப் போகாதவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு ருடாஸ். ஆஸ்திரேலியாவின் சிட்னியில், பல மொழி பேசும் குடியேறிகளை மனதில் வைத்து உருவாக்கி 2004-ல் வெளியிட்டது. கட்டணம் இல்லை. 30-க்கு 22-ம் அதற்குக் கீழும் வந்தால் அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். மளிகைக் கடையில் வாங்க வேண்டிய நான்கு பொருள்களை நினைவில் வைக்க 8. உடம்பில் இடம் வலம் காட்ட 5. ஒரு கையை முஷ்டியாகவும் மறு கையை விரித்தும் மாற்றி மாற்றி வைக்க 2. கனசதுரம் வரைய 3. சிக்னல் இல்லாத தெருவை எப்படிக் கடப்பீர்கள் என்பதற்கு 4. ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர் சொல்ல 8. பென்சில் பிடிக்க வேண்டிய இடம் ஒன்றே. அதில் மூன்றும் போனால்கூட 27 மிச்சம், கட்-ஆஃபைத் தாண்டியே நிற்கும். எம்.எம்.எஸ்.இ.யில் 22-ல் முட்டி நின்றவருக்கு இங்கே மூச்சுவிட இடம் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் மலையாளத்தில் சரிபார்த்திருக்கிறார்கள். படிப்பின் பாதிப்பு இதில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மற்றவற்றை விடக் குறைவு.

நடத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. "வலது கையால் இடது தோளைத் தொடுங்கள்" என்றால் சில பாட்டிகள் விழிப்பார்கள். "சோத்துக் கையால் பீச்சாங்கைத் தோளைத் தொடுங்க" என்றால் உடனே தொடுவார்கள். சில ஊர்களில் நொட்டாங்கை, ஒரட்டாங்கை. அந்த ஊர்ச் சொல்லை முதலில் கேட்டு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணையும் காலையும் கையால் சுட்டிக்காட்டச் சொல்லும் கேள்விகளும் உண்டு. ஆண் மருத்துவரைப் பார்த்து இடது கையை நீட்ட வயதான பெண்கள் கூசுவார்கள். அந்தக் கூச்சத்தைத் தவறு என்று எண்ணிவிடாமல், "பரவாயில்லம்மா, காட்டுங்க" என்று ஒருமுறை சொல்ல வேண்டும்.

மளிகைப் பட்டியலில் சைவ வீடுகளில் வாங்காத பொருள் ஒன்று இருக்கிறது. சிலருக்கு அது விநோதமாகப் பட்டு நன்றாக நினைவிருக்கும், சிலர் அதை மட்டும் விட்டுவிடுவார்கள். நான்கையும் சொல்ல வரும்வரை ஐந்து முறைவரை சொல்லிக்கொடுக்கலாம். அவசரப்பட்டு ஒரே முறையில் விட்டால், பதியாததை மறந்துவிட்டார் என்று எழுதுவதாகிவிடும். தெருவைக் கடக்கும் கேள்வியில் இரண்டு பக்கமும் பார்ப்பேன் என்பதற்கு 2, கூடுதலாக ஒரு பாதுகாப்பு சொன்னால் 2. "கையைக் காட்டிக்கிட்டே போயிடுவேன்" என்ற பதிலோடு நிறுத்திவிட்டால் "வேறு ஏதாவது செய்வீங்களா?" என்று கேட்க விதி அனுமதிக்கிறது. இதைக் கேட்காமல் விடுவதால்தான் பலருக்கு மதிப்பெண் போகிறது. வீட்டைவிட்டுத் தனியாக வெளியே போயே பழக்கமில்லாத பெண், "பையன் கையைப் பிடிச்சுக்குவேன்" என்று சொன்னால் அதுவும் பாதுகாப்புக்கான பதில்தான்.

இந்தியாவிலேயே செய்த தாள் எச்.எம்.எஸ்.இ. (இந்தி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்). ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக எம்.எம்.எஸ்.இ.யைப் பிரித்து மறுபடி கட்டி 1995-ல் வெளியிட்டார்கள். ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில் வாரநாட்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதில் "நான் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்" என்று சோதிப்பவர் கண்ணை மூடிக் காட்டுவார். வாக்கியம் எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். ஐங்கோணத்துக்குப் பதில் எளிய வடிவம். நாடு தழுவிய லாசி-டாட் ஆய்வில் 60 வயதைத் தாண்டிய 4,096 பேரிடம் அந்தந்த ஊர் மொழியில் இதைப் பயன்படுத்தினார்கள். 60-க்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்ற கணக்கு அதிலிருந்து 2023-ல் வந்தது. ஆண்களை விடப் பெண்களிடமும், நகரத்தை விடக் கிராமத்திலும் அதிகம்.

தேதிக் கேள்வி எம்.எம்.எஸ்.இ., மோகா, எச்.எம்.எஸ்.இ. மூன்றிலும் உண்டு, அதில் ஒரு பொதுக் குறை. காலண்டர் பார்த்து வாழாதவரிடம் "இன்று என்ன தேதி?" என்றால் பதில் வராது. அதே ஆள் "ஆடி பிறந்து பத்து நாளாச்சு, நேத்துதான் அமாவாசை" என்று துல்லியமாகச் சொல்வார். அந்தப் பதில் சரியா என்று தினசரிக் காலண்டரில் பார்த்துவிட்டு மதிப்பெண் தருவதே நியாயம்.

மினி-காக் மூன்று நிமிட வேலை: மூன்று சொல், ஒரு கடிகாரம், மொத்தம் 5, மூன்றுக்குக் கீழே வந்தால் சந்தேகம். வெளிநோயாளிக் கூட்டத்தில் படித்தவர்களுக்குச் சரி. ஐந்தில் இரண்டு மதிப்பெண் கடிகாரத்தில் இருப்பதால் எழுத்தறியாதவருக்கு எடுக்கவே வேண்டாம். பதினைந்து புள்ளிக் கோலத்தைக் குனிந்தபடி ஒரே மூச்சில் போடும் கை, பென்சிலைக் கொடுத்தால் வட்டம்கூடச் சேராமல் நடுங்கும். அது மூளை நோயில்லை, பழக்கமின்மை. கோழிக்கோட்டில் 2012-ல் செய்த படங்கள் வழி நினைவுச் சோதனையில் படிக்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். நான்கு படம், எட்டு மதிப்பெண். ஏ.சி.இ-3 நூறு மதிப்பெண் தாள், இருபது நிமிடம் ஆகும். தமிழ் உட்பட ஏழு மொழி வடிவங்களில் இந்தியாவில் சரிபார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். முதல் சோதனையில் சந்தேகம் வந்த பிறகு எடுக்கத் தகுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். செய்த பெரிய சோதனைத் தொகுப்பு முதலில் வந்த ஐந்து மொழிகள் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் அதில் இல்லாதது உண்மையிலேயே வருத்தம்.

பெண்களின் மதிப்பெண் ஏன் குறைகிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறது. 1951-ல் இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 8.86 சதவீதம், ஆண்களில் 27.16. இன்று எண்பதுகளில் இருக்கும் பாட்டிகள் அப்போது பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய வயதுக்காரர்கள். அண்ணன் தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் நிறுத்திவைத்த பெண்ணுக்கு எழுபது வருஷம் கழித்து ஒரு தாள் மதிப்பெண் குறைக்கிறது. படிப்பு வருஷத்தைச் சமன்செய்தால் இந்த இடைவெளியில் பெரும்பகுதி சுருங்கிவிடும்.

படித்த ஆண் பெண் இருவரை ஒப்பிட்டால் நிலைமை தலைகீழ். சொற்பட்டியலை நினைவுகூர்வதில் பெண்கள் சராசரியாக ஆண்களை விட மேல். ஆகவே நோய் தொடங்கிய பிறகும் சில வருஷம் அவர்களின் மதிப்பெண் இயல்பாகவே தெரியும், இறங்கத் தொடங்கினால் வேகமாக இறங்கும். ஆணுக்கோ நோயில்லாமலே சொற்பட்டியலில் குறையலாம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நினைவுப் பகுதியில் எல்லாம் சொல்லிவிட்டார் என்பதற்காக, "அம்மா சொன்னதையே சொல்றாங்க" என்ற மகளின் பேச்சைத் தள்ளிவிடக் கூடாது.

படிப்பையும் வயதையும் சமன்செய்து மதிப்பெண் கூட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். வயது ஏற ஏற நோய் வரும் வாய்ப்பும் ஏறுகிறது. குறைந்த படிப்பையும் நோய்க்கான ஆபத்துக் காரணியாகவே 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டது. ஆக, எண்பத்தைந்து வயதாயிற்று, படிக்கவில்லை என்று மதிப்பெண்ணை ஏற்றிக்கொண்டே போனால் உண்மையான நோயாளியும் தேறிவிடுவார். தாளில் எவ்வளவு கூட்டினாலும் தீராத சிக்கல் இது. அதனால்தான் வீட்டாரிடம் கேட்கும் கேள்வித்தாளைக் கூடவே வைக்கச் சொல்கிறோம்.

ஐ.க்யூ.கோட் தாள் பத்து வருஷத்துக்கு முன் இருந்ததோடு இன்றைய நிலையை ஒப்பிடச் சொல்லும். 3 என்றால் மாற்றமில்லை, 5 என்றால் மிக மோசம். ஏ.டி.-8 எட்டே கேள்விகள். இரண்டுக்கோ அதற்கு மேலோ "ஆமாம், மாறியிருக்கிறது" என்றால் பார்க்க வேண்டும். ஆளை அவருடைய பழைய நிலையோடு ஒப்பிடுவதால் படிப்பின் பாதிப்பு இவற்றில் குறைவு. ஆனால் ஆண் பெண் வேறுபாடு இங்கே வேறு வாசல் வழியாக நுழைகிறது. வங்கி, பணக்கணக்கு பற்றிய கேள்விக்கு, வங்கிக்கே போகாத பெண்ணைப் பற்றி வீட்டார் "மாற்றமில்லை" என்று எழுதுவார்கள். அவருக்கு உரியதைக் கேட்க வேண்டும்: குழம்பில் உப்பு இரண்டு முறை விழுகிறதா, அடுப்பை அணைக்க மறக்கிறாரா, சீட்டுப் பணம் யார் தரவேண்டும் என்பது குழம்புகிறதா, சாப்பிட்ட பிறகு சாப்பாடு போடவில்லை என்கிறாரா? தாத்தாவைப் பற்றி: ரேஷன் கடைக்குப் போன வழி தப்புகிறதா, வயலில் தண்ணீர் முறை மறந்துபோகிறதா? இப்படிக் கேட்டதை மதிப்பெண்ணோடு சேர்க்காமல் ஓரத்தில் குறிப்பாக எழுதுங்கள். பதில் சொல்பவர் யார் என்பதும் முக்கியம். கூடவே இருக்கும் மருமகள் சொல்வதும் மாதம் ஒருமுறை வரும் மகன் சொல்வதும் ஒத்துப்போகாது. பார்த்துக்கொள்பவர் மனச்சோர்வில் இருந்தால் எல்லாமே மோசமாகத் தெரியும்.

உட்கார வைக்கும் முன்பு காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் வேறொரு நாள் வரச் சொல்லுங்கள். காது கேட்காமல் போன சொல்லை மறந்த சொல்லாக எண்ணுவதுதான் இந்தச் சோதனைகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை இவற்றால் திடீரென்று குழம்பியிருப்பவருக்கு எந்தத் தாளும் கூடாது. அது தெளிந்த பிறகுதான். மகனோ கணவரோ அவர் கண்ணில் படாதபடி பின்னால் உட்காரட்டும். "அம்மா, சொல்லும்மா, நேத்துகூடச் சொன்னியே" என்ற ஒரு வார்த்தை போதும், அவர் பதறிப்போவார். மதிப்பெண் குறைந்தால் பி-12, தைராய்டு, மனச்சோர்வு எல்லாம் பார்த்து, மூளை ஸ்கேனும் எடுத்த பிறகே நோயின் பெயர் சொல்ல முடியும். தாள் தருவது சந்தேகம் மட்டும்.

திரும்பச் சோதிக்க ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் இடைவெளி விடுங்கள். மோகாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு, இரண்டாம் முறை வேறு வடிவம் எடுக்கலாம். மற்றவற்றில் அதே தாள், அதே மொழி, முடிந்தால் அதே ஆள். முதல் முறை எம்.எம்.எஸ்.இ., அடுத்த முறை மோகா என்று மாற்றிவிட்டு 24 எப்படி 18 ஆனது என்று பதறும் குடும்பங்கள் நிறைய. எந்தத் தாளாக இருந்தாலும் மேல்மூலையில் இவ்வளவும் இருக்கட்டும்: வயது, எத்தனை வருஷப் படிப்பு, செய்தித்தாள் படிப்பாரா அல்லது கையெழுத்து மட்டுமா, எந்த வேலை பார்த்தார், எந்த மொழியில் கேட்டது, காதுக்கருவியும் கண்ணாடியும் இருந்தனவா, எந்தக் கேள்வி மாற்றிக் கேட்கப்பட்டது, வீட்டார் தரப்பில் பதில் சொன்னவர் யார். ரிப்போர்ட்டில் இது இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.